தலையீடா, இடையீடா?

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவையொட்டி நடக்கும் மாணவர் விவாதங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: ‘இராணுவ இடையீடு’. ஒரு நாட்டு மக்களின் எழுச்சியில் பிற நாடுகள் இராணுவ இடையீடு செய்யலாமா என்று தலைப்பே அச்சாகி வருகிறது. பிள்ளைகள்மேல் குறையில்லை. பயிற்சித் தாளில் இருப்பதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். என் வழக்கு அந்தத் தாளை எழுதிய பெரியவர்களோடு.

‘இடையீடு’ என்று அவர்கள் பெயர்க்கும் ஆங்கில ‘இன்டர்வென்ஷன்’ லத்தீன் வழி வந்த சொல். ‘இன்டர்’ என்றால் இடையே, ‘வெனிரே’ என்றால் வருதல். இதற்குத் தமிழில் ‘தலையீடு’ நெடுநாளாக வழங்குகிறது. தலை, இடு. பிறர் விவகாரத்துக்குள் தலையை நுழைப்பது. அவ்வளவுதான்.

இடையீட்டுக்காரர்கள் சொல்லும் காரணம், தலையீட்டில் கெட்ட வாடை அடிக்கிறது, நடுநிலையான சொல் வேண்டும் என்பது. இது வழக்கைக் கவனிக்காத பேச்சு. “பெரியப்பா தலையிட்டதாலதான் சொத்துத் தகராறு தீர்ந்துச்சு” என்கிறோம். மேல்வீட்டுக் குழாய் ஒழுகினால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தலையிட வேண்டும் என்கிறோம். கெட்டதற்கும் சொல்கிறோம், நல்லதற்கும் சொல்கிறோம். இதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்?

‘இடையீடு’ என்பதற்கோ வேறு வேலை இருக்கிறது. இடைவெளி, தடை என்பவை அதன் பொருள்கள். உரைநூல்களில் ‘இடையீடின்றி’ என்று வந்தால் விடாமல், தடைபடாமல் என்று கொள்வோம். யாப்பில் ஓரடி விட்டு ஓரடி எதுகை வருவது இடையிட்டெதுகை. பழந்தமிழ் படித்தவர் ‘இராணுவ இடையீடு’ என்பதைக் கண்டால் படை சற்று ஓய்ந்திருக்கும் நேரம் என்றுதான் நினைப்பார்.

சொல்லின் பொருள் பிசகுவதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. ‘இடை’ என்றதும் இரு தரப்புக்கும் நடுவே யாரோ கைகட்டி நிற்பதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. படைகள் அப்படி நின்றதில்லை. நம் ஊரிலேயே பாருங்கள். 1915 பிப்ரவரி 15 அன்று, அலெக்சாந்திரா முகாமில் ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி என்ற பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவின் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அது மக்கள் எழுச்சி அல்ல, படைக்குள் எழுந்த கலகம். ஆனாலும் ஆங்கிலேயர் உதவி கேட்டதும் பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து மாலுமிகள் கரையிறங்கி, கலகத்தை அடக்கக் கைகொடுத்தார்கள். பின்னர் 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறைச் சுவரருகே ஊரார் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதில் இடையே நின்றவர் யார்? 1987 ஜூலையில் ‘அமைதி காக்கும் படை’ என்ற பெயரில் இலங்கைக்குப் போன இந்தியப் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரரிடம் போய் அதை இடையீடு என்று சொல்லிப் பார்க்க எனக்கு மனம் வராது.

தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் சாசனம் 2007இல் சிங்கப்பூரில்தான் கையெழுத்தானது. அதில் உள்ள கொள்கையைத் ‘தலையிடாமை’ என்கிறோம். அப்படியிருக்க, மியன்மார் பற்றி விவாதிக்கும் மாணவர் ஒருபுறம் தலையிடாமை, மறுபுறம் இடையீடு என்று ஒட்டாத இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டுமா?

தனித்தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு. அதனால்தான் கோபம் கூடுகிறது. தலையும் தமிழ், இடுதலும் தமிழ். அதைத் தூக்கியெறிந்தவர்கள் பக்கத்திலிருந்த ‘இராணுவ’த்தைத் தொடவே இல்லை. ‘படை’ என்ற ஈரெழுத்துச் சொல் அவர்கள் கண்ணில் படவில்லையா? ஆங்கிலச் சொல்லைத் துண்டு போட்டு, துண்டுக்குத் துண்டு தமிழ் ஒட்டுவதையே தூய்மை என்று நம்பும் மொழிபெயர்ப்பாளர்கள் பெருகிவிட்டார்கள். மூலத்தின் வேரைத் தோண்டுகிறவர்கள் தமிழன் வாயில் என்ன வழங்குகிறது என்று காது கொடுப்பதில்லை.

‘மனிதாபிமானத் தலையீடு’ என்று தலைப்பிடுவதும் தவறுதான். 2011 மார்ச் 17 அன்று, லிபியா பற்றிய 1973ஆம் எண் தீர்மானத்தை ஐநா பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றியது. ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை. இந்தியா உட்பட 5 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. பொதுமக்களைக் காப்பதற்கென்று தொடங்கிய வான்தாக்குதல், அக்டோபரில் லிபியத் தலைவர் கடாஃபி கொல்லப்படும் வரை ஓயவில்லை. அது மனிதாபிமானமா என்பதுதானே விவாதம்! தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் எதிர்த்துப் பேசும் பிள்ளை வாய் திறக்குமுன்னே மனிதாபிமானத்துக்கு எதிரியாகிவிடுகிறது. ‘படையெடுப்பு’ என்று போட்டாலோ ஆதரித்துப் பேசும் பிள்ளைக்கு அதே கதி.

‘படைத் தலையீடு’ என்று எழுதுங்கள். அழைப்பின்பேரில் போன படையென்றால் அழைத்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2011 மார்ச்சில் சவூதி தலைமையிலான படை பஹ்ரைனுக்குள் போனது அங்குள்ள அரசு அழைத்ததால். அந்த அரசை எதிர்த்து முத்துச் சதுக்கத்தில் கூடியிருந்த மக்கள் அதை அழைக்கவில்லை.