டிஜிட்டல் இன்க்ளூஷன்: விரலில் தொடங்கிய சொல்

டிஜிட்டல் இன்க்ளூஷனைத் தமிழில் எப்படிச் சொல்வது? டிஜிட்டல் என்பதன் வேர் லத்தீனில் உள்ள 'டிஜிட்டஸ்'. அதற்கு விரல் என்று பொருள். விரல் விட்டு எண்ணும் பழக்கத்தால் அதே சொல் பத்துக்குக் குறைந்த எண்களுக்கும் ஆகி வந்தது. எதையும் எண்ணாக்கிக் கணக்குப் போடும் எந்திரங்கள் 1940களில் வந்தபோது அவற்றோடும் ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூர்த் தமிழர் இதை மின்னிலக்கம் என்கிறார்கள். நம் பக்கம் எண்ணிமம் என்ற சொல் புழங்குகிறது. எண் யாருக்கும் புரியும் என்பதால் என் ஓட்டு எண்ணிமத்துக்கு.

சிக்கல் இன்க்ளூஷனில்தான். அதன் லத்தீன் வேருக்கு உள்ளே வைத்து அடைப்பது என்று பொருள். உள்ளடக்கம் என்று தமிழாக்கியவர்கள் வேரைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆனால் யூடியூபில் போடுகிற கன்டென்டுக்கும் உள்ளடக்கம் என்றுதானே பெயர்? 'எண்ணிம உள்ளடக்கம்' என்று எழுதினால் ஏதோ வீடியோ சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விடுவார்கள். போதாக்குறைக்கு அடக்கம் என்றதும் சிலருக்கு மயானம் நினைவுக்கு வரும். எங்கள் கொங்குப் பேச்சில் விளையாட்டானாலும் பந்தியானாலும் தள்ளி நிற்பவரைப் பார்த்தால், "அவரையும் சேத்திக்குங்க" என்பார்கள். இன்க்ளூஷன் என்பது அந்தச் 'சேத்திக்கறது'தான். எழுத்தில் எண்ணிமச் சேர்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

கையில் போனும் நெட்டும் இருந்துவிட்டால் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்று ஆகாது. வேலை தேடுவது, சம்பளக் கணக்குப் பார்ப்பது, பி.எஃப். எடுப்பது ஆகியவற்றை இன்னொருவர் கையைப் பிடிக்காமல், தனக்குத் தெரிந்த மொழியில் அவரே முடித்துக்கொள்ள வேண்டும்.

வெளியூர் ஆட்கள் வேலை தேடி வரும் எங்கள் திருப்பூரில் அது எவ்வளவு தூரம் நடக்கிறது? சங்கப் பாடல்கள் வேங்கடத்துக்கு அப்பாலுள்ள நாட்டை மொழிபெயர் தேயம், அதாவது மொழி மாறும் நாடு என்கின்றன. வடக்கிலிருந்து தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவருக்கு நம் ஊர்தான் மொழிபெயர் தேயம். பனியன் கம்பெனி கேட்டுகளில் 'ஆட்கள் தேவை: பவர்டேபிள், செக்கிங், கைமடி' என்று போர்டு தொங்கும். ஒருநாள் ஒடிசாப் பையன் ஒருவன் அந்த போர்டுக்கு நேராக போன் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மொழிபெயர்ப்புச் செயலி பவர்டேபிளை மின்சார மேசை ஆக்கியிருந்தது. தைத்துக் கொடுக்கும் ஆளைத் தேடுகிறார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? கைமடியைக் கையாகவும் மடியாகவும் பிரித்துப் போட்டிருந்தது. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் வேலை அது. தையல் தெரியாமல் புதிதாக வருகிறவருக்கு ஏற்ற வேலை, அந்தச் சொல்லே அவனுக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் எண்கள். ஆதாருக்கு 12 இலக்கம். பி.எஃப். கணக்குக்குத் தரும் யூஏஎன் என்ற எண்ணும் 12 இலக்கம். அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய இ-ஷ்ரம் அட்டையிலும் 12 இலக்கம், அதற்கும் பெயர் யூஏஎன்! எது எதற்கு என்று தமிழ் படித்த நமக்கே குழம்பும். இதில் ஓடிபி வேறு. ஊரில் வாங்கிய சிம்மை இங்கே வந்ததும் மாற்றிவிடுகிறார்கள். ஆதாரில் பழைய நம்பர் கிடக்க, ஓடிபி அதற்கே போய்க்கொண்டிருக்கும். தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் இங்கே வந்தவர்களுக்கும் இதே பாடுதான், மொழி தெரிந்ததால் மட்டும் தப்பிக்க முடிவதில்லை.

ஓடிபி வராவிட்டால் பெரும்பாலும் அடுத்த வழி விரல். கைநாட்டு என்பது விரலில் மை தடவிக் காகிதத்தில் பதிப்பது. நாட்டுதல் என்றால் ஊன்றுதல். எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று ஏளனமாகச் சொன்னதும் உண்டு. இப்போது எம்.ஏ. படித்தவரும் ரேஷன் கடையில் விரலைத்தான் ஊன்றுகிறார். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் பீகார் கார்டுக்கு இங்கே அரிசி வாங்கவும் விரல் வேண்டும். சாயப்பட்டறையிலும் கட்டட வேலையிலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்?

போன மாதம் ஒரு ஆன்லைன் சென்டரில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் சாயப்பட்டறை அண்ணன் ஒருவர், நகக்கண்ணில் நீலம் அப்படியே இருந்தது. கட்டைவிரலை வைத்தார், ரேகை விழவில்லை. "தொடைச்சுட்டு வைங்கண்ணா" என்று கடைப்பெண் சைகை காட்டினார். அண்ணன் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஏமாற்றின. மோதிர விரலில்தான் பச்சை விளக்கு எரிந்தது. "ஹோ கயா" (ஆயிடுச்சு) என்றார் அந்தப் பெண். அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான் போல, அடுத்து என்னைப் பார்த்து, "நீங்க வாங்ண்ணா" என்றார்.