ஃபுல் சஸ்பென்ஷன் பைக்: எங்கே விறைக்க வேண்டும், எங்கே வளைய வேண்டும்

முன்னாலும் பின்னாலும் அதிர்ச்சி தாங்கும் அமைப்புள்ள ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்கில் பின்சக்கரம் ஃப்ரேமோடு நேரடியாக இணைந்திருப்பதில்லை. சாதாரண சைக்கிளில் முன்முக்கோணமும் பின்முக்கோணமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இதில் பின்பாகம் முழுவதையும் சில கீல்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கீலுக்கும் பேரிங், போல்ட் தனித்தனி. சக்கரம் மேலும் கீழும் 130, 140 மில்லிமீட்டர் தாராளமாகப் போய்வர வேண்டும், ஆனால் பக்கவாட்டில் அசையக் கூடாது. காட்டு, மலைப் பாதைகளில் ஓட்டும் இந்த ட்ரெயில் பைக்கை வடிவமைப்பவர்களுக்குப் பாதித் தலைவலி இங்கேதான்.

‘வண்டி நல்ல ஸ்டிஃப்’ என்று ஓட்டுபவர்கள் சொல்வது ஸ்பிரிங்கைப் பற்றி அல்ல. அதைப் பின்பக்க அதிர்ச்சித் தாங்கியான ஷாக்கில் காற்றை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். ஏறி உட்கார்ந்ததும், ஷாக் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் அமுங்கினால் போதும். அவர்கள் சொல்வது முறுக்கத்தை. கரடுமுரடான இறக்கத்தில் முன்சக்கரத்தை ஒரு கல் இடப்பக்கம் தள்ளும், பின்சக்கரத்தை இன்னொன்று வலப்பக்கம் தள்ளும். நடுவில் ஃப்ரேம் முறுக்கிக்கொண்டால், ஹேண்டில்பாரைத் திருப்பிய பிறகுதான் பின்பக்கம் ஆற அமர வந்து சேரும். உடல் எடை கூடியவர்களும் வேகமாக இறங்குபவர்களும் இந்தத் தாமதத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்கு உலோகத்தை மாற்றினால் போதும் என்று தோன்றும். போதாது. இரும்பின் மீள்தன்மைக் குணகம் (வளைய மறுக்கும் தன்மையின் அளவு) சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்குச் சுமார் 70. ஆனால் அலுமினியத்தின் எடையும் அதே அளவில் மூன்றில் ஒரு பங்குதான், ஆக எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் குழாயின் வடிவத்தில்தான் வருகிறது. தட்டையான காகிதம் துவண்டு விழும், அதையே சுருட்டிப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும் அல்லவா? சுவரின் தடிமனை மாற்றாமல் குழாயின் விட்டத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்காகும், விறைப்போ எட்டு மடங்காகும். சுவரைப் பாதியாக மெலித்துவிட்டால் பழைய எடையிலேயே நான்கு மடங்கு விறைப்பு. அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த கேரி க்ளைன் 1970களில் தடித்த அலுமினியக் குழாய்களில் சைக்கிள் செய்யத் தொடங்கியதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். இதற்கும் எல்லை உண்டு: சுவர் ரொம்ப மெலிந்தால் ஒரு கல் பட்டாலே நசுங்கிவிடும். கார்பனில் இழைகளை 45 பாகை சாய்த்து அடுக்கினால் எடையைக் கூட்டாமலே முறுக்கத்தைத் தடுக்கலாம்.

முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் ஃபோர்க்குக்கும் இதே விதிதான். அதன் காலின் விட்டம் 34லிருந்து 36 மில்லிமீட்டராகும்போது, சுவர் அதே தடிமன் என்றால், விறைப்பு சுமார் 19 சதவீதம் கூடும். இரண்டு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆனால் குழாய் எவ்வளவு தடித்திருந்தாலும் கீல் பலவீனமாக இருந்தால் பயனில்லை. என்னைக் கேட்டால், பைக் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பெடல் அச்சுக்கு மேலே இருக்கும் பிரதான கீலைத்தான். வண்டியின் பின்னால் குனிந்து, அதன் இடது வலது பேரிங்குகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இடைவெளி இரட்டித்தால், அதே பக்கவாட்டு விசைக்கு ஒவ்வொரு பேரிங்கும் தாங்கும் சுமை பாதியாகும். சுமை பாதியானால் நெகிழ்வும் பாதி. அந்த நெகிழ்வு இரட்டை அகலத்தில் பரவுவதால் சக்கரம் சாயும் கோணம் கால்வாசிக்கு இறங்கிவிடும். பின்பாகத்தை ஷாக்கோடு சேர்க்கும் இணைப்புக் கரம் இடமும் வலமும் தனித்தனித் தகடாக இல்லாமல் ஒரே துண்டாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் அச்சு: முன்னால் 15, பின்னால் 12 மில்லிமீட்டர் தடித்த அச்சு குறுக்கே ஊடுருவி இறுகும்போது இரண்டு பக்கமும் ஒரே துண்டுபோல நடந்துகொள்ளும். பின்சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பின் அகலம் 142லிருந்து 148 மில்லிமீட்டர் ஆனதும் ஸ்போக்குகளுக்காகத்தான். 29 அங்குலச் சக்கரத்தில் ஸ்போக் நீளம் அதிகம், அதனால் அதன் அடிப்பாகம் அகல விரிந்து நிற்க வேண்டியிருந்தது.

பழைய வண்டி வாங்குபவர்கள் கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்டயரின் உச்சியைப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளுங்கள். சத்தமில்லாமல் வளைந்து திரும்பினால் அது நெகிழ்வு. முதலில் வெறுமனே நகர்ந்து, அப்புறம் ‘டக்’ என்று முட்டினால் அது ஆட்டம். எந்தக் கீலில் ஆட்டம் என்று தெரிய, இரண்டு பாகமும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டே ஆட்டிப் பாருங்கள், விரலே சொல்லிவிடும். ஹப் பேரிங் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும், அதனால் பின்முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் தனியாக ஒருமுறை ஆட்டிவிடுவது நல்லது. பேரிங் ஆட்டத்தை மாற்றிவிடலாம். நெகிழ்வு ஃப்ரேமோடு பிறந்தது.

சரி, விறைப்பு கூடக்கூட நல்லதா? இல்லை. சஸ்பென்ஷன் வேலை செய்வது வண்டியின் மேல்-கீழ்த் திசையில் மட்டும்தான், வண்டி சாய்ந்தால் அந்தத் திசையும் சேர்ந்து சாயும். வளைவில் வண்டி 45 பாகை சாய்ந்திருக்கும்போது சமதரையில் ஒரு வேர் டயரை நேர்மேலே உதைத்தால், அந்த உதையில் 71 சதவீதம் ஷாக்கின் திசையிலும் அதே 71 சதவீதம் பக்கவாட்டிலும் பிரியும் (விசைகள் செங்கோணத்தில் பிரிவதால் கூட்டினால் 100 வராது). பக்கவாட்டுப் பங்கை ஷாக் உள்வாங்காது. டயரும் ஸ்போக்கும் ஃப்ரேமும் கொஞ்சம் வளைந்துதான் உள்வாங்க வேண்டும். வளையாவிட்டால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளி வழுக்கும். வளைவின் வெளிப்புறம் மண் அணைத்து உயர்த்தப்பட்டிருந்தால் இந்தச் சிக்கல் குறைவு, தரையே வண்டியோடு சாய்ந்துவிடுகிறது.

மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் இது பழைய தலைவலி. டுகாட்டி 2009இல் மோட்டோஜிபி வண்டிக்குக் கார்பன் ஃப்ரேம் போட்டது. முன்சக்கரம் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியவில்லை என்ற புகார் தொடர்ந்தது. 2012இல் அலுமினியத்துக்கு மாறினார்கள். மலையிறக்கப் பந்தயமான டவுன்ஹில் சைக்கிள் வீரர்களில் சிலர் வேண்டுமென்றே ஸ்போக்கின் இறுக்கத்தைக் குறைத்து ஓட்டுவதும் அந்த நெகிழ்வுக்காகத்தான்.

ஆகவே கீலும் அச்சும் ஃபோர்க்கும் விறைப்பாக இருக்கட்டும், ஏனென்றால் அவற்றைப் பிறகு மாற்றுவது கஷ்டம், செலவும் அதிகம். நெகிழ்வை, எளிதாக மாற்றக்கூடிய பாகங்களிடம் விடுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் தடித்த கார்பன் ரிம் தேடிப் போக வேண்டாம். சாதாரண அலுமினிய ரிம் அவரை வேர்களின் மேல் நிம்மதியாகக் கொண்டுபோகும். 95 கிலோக்காரருக்குக் கணக்கு வேறு, அவர் ஃபோர்க்கிலும் ஸ்போக் எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. வண்டி முரட்டுத்தனமாக உதைக்கிறது என்று தோன்றினால் ஃப்ரேமைத் திட்டுவதற்கு முன்னால், டியூப்லெஸ் டயரில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ காற்றைக் குறைத்து, அதே வளைவில் இன்னொரு தரம் ஓட்டிப் பாருங்கள்.