ஆயிலில் தண்ணீர்: உப்பா, நல்ல தண்ணியா?

போன ஆடி மாசம் குளச்சலில் இருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். என்ஜினில் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியைப் பழைய பனியன் துணியில் துடைத்துவிட்டு, அந்தத் துணியைப் படம் எடுத்திருந்தார். கறுப்பாக இருக்க வேண்டிய கறை இளம் பழுப்பாக இருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: “அண்ணே, ஆயிலு பால் சாயா மாதிரி கெடக்கு. ரெண்டு தரம் மாத்தியாச்சு, திரும்பவும் அதேதான். மாசக் கடைசியில மீன்பிடித் தடை முடியுது. என்ன செய்ய?”

ஒரு விசைப்படகு என்ஜினுக்கு ஒரு தடவை ஆயில் மாற்றவே லிட்டர் கணக்கில் ஆகும். அதை இரண்டு முறை ஊற்றிக் கொட்டியிருக்கிறார். கொட்டிய ஆயிலில் ஒரு பாட்டிலாவது எடுத்து வைத்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த ஆயில்தான்.

படகு என்ஜின் வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஒரு கோளாறில்தான் ஆட்கள் அதிகம் அவசரப்பட்டுப் பார்த்திருக்கிறேன். பால் நிறம் கண்டதும் “ஹெட் கேஸ்கட் போச்சு” என்று ஒருவர் சொல்வார், உடனே சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிடுவார்கள், அதன் அடியில் இருக்கும் அடைப்புத் தகடுதான் கேஸ்கட். பல நேரம் ஹெட்டில் ஒன்றுமே இருக்காது. கழற்றிய கூலி, புது கேஸ்கட், இரண்டு நாள் தொழில், எல்லாம் போனதுதான் மிச்சம். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளே வந்தது எந்தத் தண்ணீர்?

அதற்கும் முன்னால், அது தண்ணீர்தானா என்று பார்க்க வேண்டும். ஆயில் மட்டம் ஏறியிருக்கிறது, ஆனால் நிறம் கறுப்பு, விரலில் தொட்டால் நீர்த்துப் போய் டீசல் வாடை அடிக்கிறது என்றால் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலையோ டீசல் பம்பையோ பாருங்கள். அது வேறு கதை. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறது, கம்பியில் ஆயில் சுத்தமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்து கட்டும் வியர்வைத் தண்ணீர்தான். என்ஜின் முழுச் சூடு ஏறாமலே ஓடி ஓடி நின்றால் இது வரும். சூடு ஏறுகிறது என்று, தண்ணீர்ச் சூட்டுக்கு ஏற்றபடி திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் கடற்கரையில் பெரிய வைத்தியமாக நடக்கிறது. அப்படிக் கழற்றிய என்ஜின்களில் இந்த வெண்ணெயை நான் எப்போதும் பார்க்கிறேன்.

மட்டம் பார்ப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு. ஐஸும் டீசலும் ஏற்றிய படகு ஒரு மாதிரி சாய்ந்து நிற்கும், காலிப் படகு வேறு மாதிரி நிற்கும். கம்பியில் ஏறிய அரை அங்குலம் அந்தச் சாய்வாகவும் இருக்கலாம். ஒரே நிலையில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு.

சரி, தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி முழுக்க என்ஜினை ஓட்டாமல் விடுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் அடிக்குப் போகும். காலையில் ஸ்டார்ட் பண்ணாமலே அடியில் இருந்து எடுக்க வேண்டும். படகில் அடிப் பிளக்குக்குக் கை போகாது என்பது தெரிந்ததுதான். ஆயில் கம்பி போகும் ஓட்டை வழியாக மெல்லிய டியூபை அடி தட்டும்வரை இறக்கி, கைப்பம்பால் முதல் ஒரு லிட்டரை உள்ளே இருப்பது தெரியும் வெள்ளைப் பாட்டிலில் பிடியுங்கள். மேலாக எடுத்தால் நல்ல ஆயில்தான் வரும், உண்மை தெரியாது.

அந்தப் பாட்டிலை ஆடாத இடத்தில் ஒரு நாள் வையுங்கள். சிலவற்றில் தண்ணீர் தெளிவாக அடியில் பிரிந்து நிற்கும். இப்போது வரும் ஆயில்கள் தண்ணீரை லேசில் விடாது, கலங்கியே கிடக்கும். அப்படி என்றால் பாட்டிலின் மூடியைத் தளர்த்தி வெந்நீர்ப் பாத்திரத்தில் அரைமணி நேரம் நிறுத்திப் பாருங்கள். பிரிந்த தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுத்து, பருத்தித் துணியில் வடிகட்டி, ஒரு எவர்சில்வர் குழிக்கரண்டியில் ஊற்றி, சிறு தீயில் வற்ற விடுங்கள். ஆயில் கலந்ததை அடுப்பில் காட்டாதீர்கள், வெடித்துத் தெறிக்கும்.

என் பட்டறையில் இதற்கென்றே ஒரு கரண்டி இருக்கிறது. அடி கறுத்துப்போய், காம்பில் வயர் சுற்றி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி அதைத் திருப்பிக் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். கரண்டியில் 50 மில்லி வற்றினால் ஒன்றே முக்கால் கிராம் நிற்கும். அதை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. தண்ணீர் குறையக் குறைய ஓரத்தில் வெள்ளை வளையம் கட்டும், அப்புறம் உப்பு பொரிந்து கரண்டியின் அடி முழுக்க ஒட்டும். கிணற்றுத் தண்ணீர் என்றால் மெல்லிய வெள்ளைப் படலத்தோடு நின்றுவிடும். கூலன்ட் கலந்திருந்தால் பிசுபிசுப்பும் நிறமும் காட்டிக்கொடுக்கும். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அது மழைத்தண்ணீர் அல்லது வியர்வைத் தண்ணீர்.

பழைய ஆட்கள் நாக்கில் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஓடிய ஆயிலை நாக்கில் வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிளஸ் டூவில் வேதியியல் படித்த பையன்கள் சில்வர் நைட்ரேட் ஊற்றிப் பார்க்கலாமே என்பார்கள். சரிதான், உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். ஆனால் கடலை ஒட்டிய நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் திரியும். எவ்வளவு உப்பு என்று கண்ணுக்குக் காட்டுவது கரண்டிதான்.

இது ஏன் முக்கியம் என்றால், படகு என்ஜினில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. என்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர், மேலே டேங்கில் நாம் ஊற்றுவது. அதைக் குளிர வைப்பது கடல் தண்ணீர். அது படகின் அடி வால்வு வழியாக வந்து, பம்பில் ஏறி, கூலர் வழியாகப் போய் வெளியே கொட்டுகிறது. இரண்டுக்கும் வழி வேறு, அதனால் ஆயிலுக்குள் நுழையும் இடமும் வேறு.

நல்ல தண்ணீர் என்று கரண்டி சொன்னால், மேல் டேங்கில் மட்டம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கட், ஹெட்டில் விரிசல், லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளை) அடியில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங், இந்த மூன்றில் ஒன்று என்று ஆரம்பிக்கலாம். டேங்க் மூடியைத் திறந்து வைத்து, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி விடாமல் வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீரில் ஏறுகிறது, கேஸ்கட்டையோ ஹெட்டையோ சந்தேகப்படலாம். குமிழி இல்லை என்றால் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, அந்த மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் காற்று ஏற்றுங்கள். பக்கக் கதவு உள்ள என்ஜின் என்றால் கதவைக் கழற்றி, டார்ச் அடித்து, லைனர்களின் அடியைப் பாருங்கள். ஒவ்வொரு லைனருக்குக் கீழும் ஒரு துண்டு நியூஸ் பேப்பரை விரித்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தால், எந்தப் பேப்பர் நனைகிறதோ அதுதான் ஆள். கூலன்ட் ஊற்றாமல் வெறும் கிணற்றுத் தண்ணீரிலேயே ஓட்டுகிற என்ஜினில் லைனரின் வெளிப்பக்கம் ஊசி குத்தின மாதிரி துளை விழுந்திருப்பதும் உண்டு.

உப்பு என்று சொன்னால் ஹெட்டைத் தொடாதீர்கள். கடல் தண்ணீர்ப் பம்பையும் கூலரையும்தான் பார்க்க வேண்டும்.

என்ஜினோடு சேர்த்து முறுக்கிய, பல்சக்கரத்தில் ஓடும் பம்புகளில் தண்ணீர்ப் பக்கம் ஒரு சீல், ஆயில் பக்கம் ஒரு சீல், இரண்டுக்கும் நடுவில் கீழ்நோக்கி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியே வெளியே சொட்டட்டும், ஆயிலுக்குள் போக வேண்டாம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். முட்டத்தில் ஒரு படகில் அந்த ஓட்டையை யாரோ எம்-சீல் வைத்து அழகாக அடைத்திருந்தார். “ஒழுகிட்டே இருந்துச்சு அண்ணே, அடைச்ச பிறகு ஒழுகல” என்றார் டிரைவர். ஒழுகலதான். வெளியே போக வழியில்லாத தண்ணீர் அடுத்த சீலையும் தாண்டி நேராகச் சம்ப்புக்குப் போயிருந்தது. அந்த என்ஜினில் பேரிங் அத்தனையும் மாற்ற வேண்டி வந்தது.

அடுத்தது ஆயில் கூலர், தண்ணீர்க் குழாய்களை வைத்து ஆயிலின் சூட்டைத் தணிப்பது. உங்கள் என்ஜினில் அதற்குள் ஓடுவது கடல் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டு வகையும் இருக்கிறது. கூலர் ஓட்டையில் ஒரு விசித்திரம் உண்டு. என்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம்தான் அதிகம், அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகும். என்ஜினை நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் பூஜ்ஜியம், தண்ணீர் மட்டும் மேலே நிற்கிறது, அது ஆயிலுக்குள் இறங்கும். ஆகவே கடலில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. கட்டிப் போட்ட ராத்திரியில்தான் மட்டம் ஏறும். வெளியே கொட்டும் தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அதுவும் இதே கதைதான்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் படகின் அடியில் இருக்கும் கடல் வால்வை இறுக்க அடைத்துவிட்டு, ஆயில் கம்பியில் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். காலையில் பாருங்கள். மறுநாள் சாயங்காலம் வால்வைத் திறந்து வைத்து, அதே மாதிரி. அடைத்த ராத்திரி ஏறாமல், திறந்த ராத்திரி ஏறினால் கடல் நேராக உள்ளே வருகிறது. அப்புறம் கூலரைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறு முனையில் காற்றுக் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழி வரும் குழாய் எது என்று தெரிந்துவிடும்.

கரண்டியில் ஒன்றுமே மிஞ்சாத கேஸ் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தடைக்காலத்தோடு வரும். சின்னமுட்டம் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். புகைக்குழாய் வானத்தைப் பார்த்து நிற்கிறது. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து வைப்பார்கள், மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று அதை எங்கேயோ கொண்டுபோய்விடும். மழைத்தண்ணீர் குழாயில் இறங்கி, திறந்து நிற்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங்கைத் தாண்டிச் சம்ப்பில் இறங்கும். இதில் ஆயிலைவிடப் பெரிய ஆபத்து சிலிண்டரில் நிற்கும் தண்ணீர். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு “டக்” சத்தம், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர் மறக்க மாட்டார். தடை முடிந்து முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் நாசில்களைக் கழற்றி, கையால் கிராங்கை (என்ஜினின் சுழலும் தண்டு) இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தண்ணீர் இருந்தால் நாசில் ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியே வரும். முகத்தை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

வள்ளவிளை, தூத்தூர் பக்கத்துத் தங்கல் படகுகள் கரையை விட்டுப் போனால் வாரக்கணக்கு. அங்கே வைத்துப் பால் நிறம் கண்டால் பட்டறைக்கு வர முடியாது. அதனால் ஒரு முழு மாற்றுக்கு வேண்டிய ஆயிலும் இரண்டு ஃபில்டரும் படகில் இருக்கட்டும். தண்ணீர் பட்ட பேப்பர் ஃபில்டர் ஊதி அடைத்துக்கொள்ளும், பிறகு வடிகட்டாத ஆயில்தான் பேரிங்குக்குப் போகும், அதனால் ஆயிலோடு ஃபில்டரும் மாற வேண்டும். மாற்றிவிட்டு, ஆயில் மீட்டரில் கண் வைத்து, குறைந்த வேகத்தில் கரையைப் பாருங்கள். என்ஜின் நின்ற ஒவ்வொரு தடவையும் கடல் வால்வை அடையுங்கள், ஸ்டார்ட் பண்ணும் முன் திறக்க மறக்காதீர்கள். மீட்டர் இறங்கினால் ஓட்டாதீர்கள், வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகைக் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு வாருங்கள். இழுவைக்கு ஆகும் டீசல் கிராங்கைவிட மலிவு.

கரையில் ஓட்டையைச் சரிசெய்த பிறகு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதாது. விலை குறைந்த ஆயிலை ஊற்றி, லோடு கொடுக்காமல் சூடு ஏறும்வரை ஓட்டி, சூட்டோடு இறக்குங்கள். கம்பியில் நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை. உப்புத் தண்ணீர் என்றால் அதே நாளில் செய்ய வேண்டும். ரிப்பேருக்கு நாளாகும் என்றால் உள்ளே இருப்பதை இறக்கிவிட்டு டீசலையோ ஆயிலையோ நிரப்பிவையுங்கள், காற்றுப் படாமல் இருந்தால் துரு அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது.

குளச்சல் தம்பியின் கரண்டியில் வெள்ளையாகக் கட்டியது. வால்வு அடைத்த ராத்திரி ஏறவில்லை, திறந்த ராத்திரி விரல் அகலம் ஏறியது. கூலரைத் தொட்டியில் முக்கினோம், உள்ளே ஒரு குழாயில் குமிழி. உப்பு கூலரைத் தின்னாமல் இருக்க அதன் மூடியில் பென்சில் மாதிரி ஒரு ஜிங்க் துண்டு மாட்டியிருக்கும். உப்பு முதலில் அதைத் தின்னும், தீரத் தீர மாற்ற வேண்டும். அந்த மூடியைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தேன். மரை மட்டும் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல என்னண்ணே இருக்கணும்?” என்றார். படகை வாங்கி நாலு வருஷம் ஆகிறதாம்.