பனம்பழம் ஏன் விழுந்தது?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்போம். இரண்டும் அடுத்தடுத்து நடந்தன, அவ்வளவுதான், ஒன்றால் மற்றொன்று நடக்கவில்லை என்று சொல்ல நம்மிடம் இருக்கும் பழமொழி இது. எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. ஆனால் அது பாதிக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. காக்கையால் விழவில்லை, சரி. பழம் பின்னே ஏன் விழுந்தது? அதுவும் அந்த நொடியில்?

பழம் முற்றும்போது காம்பின் ஓரிடத்தில் மெல்லிய அடுக்காகச் சில செல்கள் பிரிவதற்குத் தயாராகின்றன. செல்லோடு செல்லை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை நொதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. பிடி தளர்ந்துகொண்டே வருகிறது. பழத்தின் எடையோ ஓயாமல் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் நூலிழைப் பிடிதான் பாக்கி. அந்த நேரத்தில் காற்று வீசினாலும் விழும், காக்கை உட்கார்ந்தாலும் விழும், ஒன்றுமே வராவிட்டாலும் சற்று நேரத்தில் விழும்.

அப்படியானால் காக்கைக்கு இதில் பங்கு உண்டா, இல்லையா? அறிவியல் இதை ஒரே கேள்வியால் அளக்கிறது: காக்கை வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழம் எப்படியும் விழுந்திருக்கும், ஆனால் வேறொரு நொடியில். ஆக, "விழுமா" என்பதில் காக்கைக்குப் பங்கில்லை. "எப்போது" என்பதில் பங்குண்டு. காரணம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த "இருந்திருந்தால்" என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்த "இருந்திருந்தால்" உலகத்தை யாரும் பார்த்ததில்லை. மாத்திரை சாப்பிட்டேன், குணமானது. சாப்பிடாமல் இருந்திருந்தாலும் குணமாகியிருக்குமோ? நமக்கு ஒரே வாழ்க்கைதான் ஓடுகிறது. இந்தச் சுவரைத் தாண்ட மருத்துவம் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1947-ல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. முன்கூட்டியே தற்செயல் எண்களால் தீர்மானித்து உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டார்கள். 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 14 பேர். வயது, வசதி, நோயின் கடுமை எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் கலந்துவிடுவதால், ஒரு குழு மற்றொரு குழுவின் "இருந்திருந்தால்" ஆகிவிடுகிறது. காரணத்தைத் தேடத் தற்செயலையே கருவியாக்கிய உத்தி இது.

நம் மூளைக்கு இந்தப் பொறுமை கிடையாது. காரணம் கிடைக்காவிட்டால் தானே ஒன்றைச் செய்துகொள்ளும். அதை நேருக்கு நேர் காட்டிய சோதனை ஒன்று உண்டு. கடுமையான வலிப்பு நோயுள்ள சிலருக்கு, மூளையின் இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுவை சிகிச்சையில் துண்டிப்பார்கள். அப்படிப்பட்ட ஓர் இளைஞரை 1970-களில் மூளை ஆய்வாளர்கள் மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் ஆராய்ந்தார்கள். அவரது இடது அரைக்கோளத்துக்கு மட்டும் ஒரு கோழிக்காலின் படம் தெரிந்தது. வலது அரைக்கோளத்துக்கு மட்டும் பனி மூடிய காட்சி தெரிந்தது. எதிரே பரப்பியிருந்த படங்களில் பொருத்தமானதைத் தொடச் சொன்னார்கள். இடது அரைக்கோளம் இயக்கும் வலது கை கோழியைத் தொட்டது. வலது அரைக்கோளம் இயக்கும் இடது கை மண்வாரியைத் தொட்டது. பனியை அள்ள அதுதானே வேண்டும்.

ஏன் இவற்றைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். பேச்சு இடது அரைக்கோளத்தின் வேலை. அது பனியைப் பார்க்கவே இல்லை. "தெரியவில்லை" என்பதுதான் நேர்மையான பதிலாக இருந்திருக்கும். அவரோ தயக்கமே இல்லாமல் சொன்னார்: கோழிக்காலுக்குக் கோழி, கோழிக் கொட்டிலைச் சுத்தம் செய்ய மண்வாரி. அவர் பொய் சொல்லவில்லை, அதைத்தான் நம்பினார். நம் தலைக்குள்ளும் இந்த உரையாசிரியர் உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். நடந்ததற்கெல்லாம் உரை எழுதிக்கொண்டே இருக்கிறார், மூலத்தைப் படிக்காமலே.

அப்படியானால் "நான்தான் முடிவெடுத்தேன்" என்பதும் அவர் எழுதிய உரைதானா?

1983-ல் அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் தன் சோதனைக்கு வந்தவர்களிடம், தோன்றும்போது கையை மடக்குங்கள் என்றார். எதிரே ஒரு கடிகாரம். முள்ளுக்குப் பதில் ஓர் ஒளிப்புள்ளி, ஒரு சுற்றுக்கு 2.56 நொடி. மடக்கலாம் என்ற எண்ணம் எழுந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும். தலையில் மின்முனைகள். கை அசைவதற்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே மூளையின் மின்னழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. எண்ணம் எழுந்ததாக அவர்கள் சொன்ன நேரமோ, அசைவுக்குச் சுமார் 200 மில்லிநொடி முன்புதான். இடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு நொடி. மூளை முடிவெடுத்த பிறகுதான் "நான்" விழித்துக்கொள்கிறேன் என்று பலரும் படித்தார்கள். சுயவிருப்பத்தின் கதை முடிந்தது என்று கட்டுரைகள் வந்தன.

ஆனால் அந்த மின்னழுத்த ஏற்றத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே ஓர் அசைவை எடுத்தால் அது இரைச்சலில் புதைந்து கிடக்கும். 40 அசைவுகளை, கை அசைந்த கணத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, பின்னோக்கிச் சராசரி எடுத்தால்தான் தெரியும். 2012-ல் ஆரன் ஷர்கரும் சக ஆய்வாளர்களும் இங்கே கை வைத்தார்கள். மூளையின் மின் சலனம் எப்போதும் தானாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. "எப்போது வேண்டுமானாலும் அசை" என்று சொல்லப்பட்டவரின் மூளை அசைவின் வாசலருகே நிற்கிறது. அலை ஒன்று உயர்ந்து வாசலைத் தொடும்போது கை அசைகிறது. தொட்ட கணங்களை மட்டும் பொறுக்கிச் சராசரி எடுத்தால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அலை ஏறியே இருக்கும்.

பனம்பழத்துக்கே வருவோம். காற்றில் விழுந்த பழங்களை மட்டும் கணக்கெடுத்து, விழுந்த நொடியிலிருந்து பின்னோக்கிக் காற்றின் வேகத்தைச் சராசரி பாருங்கள். அழகான ஏற்றம் ஒன்று தெரியும். காற்று அரை நொடிக்கு முன்பே பழத்தைத் தள்ள முடிவெடுத்துவிட்டது என்று அதிலிருந்து சொல்ல முடியுமா? இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் லிபெட்டின் வரைபடத்தை ஆணை ஓலையாகப் படிப்பது இனி எளிதல்ல. 2016-ல் வெளியான பெர்லின் சோதனையில், அந்த மின் ஏற்றம் தொடங்கிய பிறகும் மக்களால் அசைவை நிறுத்த முடிந்தது, அசைவுக்குச் சுமார் 200 மில்லிநொடி முன்பு வரை. தவிர, காரணமே இல்லாமல் கையை மடக்குவதையும் ஒருவர் வேலையை விடலாமா என்று மாதக்கணக்கில் யோசிப்பதையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னும் ஆழமாகப் போய் வாதிடுவோரும் உண்டு. மூளையும் அணுக்கள்தானே, அணுக்கள் விதிகளுக்குக் கட்டுப்பட்டவைதானே? எல்லா அணுக்களின் நிலையையும் விசைகளையும் அறிந்த ஓர் அறிவுக்கு எதிர்காலமும் இறந்தகாலம் போலவே கண்முன் நிற்கும் என்று 1814-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் எழுதினார். அந்த நம்பிக்கைக்கு விழுந்த அடி ஒன்று 1961-ல் வந்தது. வானிலைக் கணக்கு ஒன்றைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்த அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ், பாதியிலிருந்து மறுபடி தொடங்க 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று இட்டார். சற்று நேரத்தில் அந்த வானிலை முந்தையதோடு ஒட்டே இல்லாமல் வேறெங்கோ போய்விட்டது. விதி அப்படியே இருந்தது, ஆனாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போனது. அணுக்களின் குவாண்டம் உலகில் அப்படியொரு நிச்சயமான விதிகூட இல்லை: ரேடியம்-226 என்ற கதிரியக்க அணுக்களில் பாதி 1,600 ஆண்டுகளில் சிதையும் என்று சொல்லலாம், இந்த அணு எப்போது என்று சொல்லவே முடியாது.

இதைச் சுயவிருப்பத்துக்குக் கிடைத்த சாட்சியாகச் சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைக்குள் பகடை உருண்டு ஒரு முடிவு வந்தால் அது எப்படி என் முடிவாகும்? காரணங்களிலிருந்து தப்பிப்பதா சுதந்திரம்? என் யோசனையும் நான் கேட்ட அறிவுரையும் என் பயமும் அந்தக் காரணங்களில் சேர்த்தியாக இருப்பதுதான் நான் கேட்கும் சுதந்திரம்.

தலைவிதியையும் காரணகாரியத்தையும் ஒன்றாகப் பேசும்போது எனக்கு மனது பதைப்பது இதனால்தான். விதிக் கதைகளில் நாயகன் எந்தப் பக்கம் ஓடினாலும் முடிவு ஒன்றே. அவன் செய்தது எதுவும் கணக்கில் சேராது. காரணகாரியத்தில் அவன் செய்தது ஒவ்வொன்றும் கணக்கில் சேரும். பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், புகைத்துக்கொண்டே இருந்தவர்கள் சராசரியாகச் சுமார் 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்களுக்கு அதில் 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது. 50-ல் நிறுத்தியவர்களுக்கு 6, 40-ல் 9, 30-ல் ஏறக்குறைய முழுவதும். தலையெழுத்து என்றால் இந்த எண்கள் எல்லாம் ஒன்றாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அதுதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. வம்சத்தில் யாருக்கும் இல்லாத மரபணு நோயோடு பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நான் என்ன தப்பு செய்தேன் என்று ஒரு தாய் கேட்கிறார். கர்ப்பத்தில் சாப்பிட்ட அந்த மாத்திரையாலா, அப்போது போன அந்தப் பயணத்தாலா, யார் மனதையாவது நோகடித்ததாலா? நாம் ஒவ்வொருவரும் தாயிடமும் தந்தையிடமும் இல்லாத, டி.என்.ஏ.வில் 60 அல்லது 70 புதிய எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறோம். 300 கோடி எழுத்துகளை மறுபடி மறுபடி நகலெடுக்கும்போது விழும் பிழைகள் அவை. பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. எப்போதாவது ஒன்று படக்கூடாத இடத்தில் பட்டுவிடுகிறது. அவர் பயணம் போகாமல் இருந்திருந்தால்? இந்தப் பிழைகளில் ஏறக்குறைய எல்லாமே விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும் வழியில், கரு உண்டாவதற்கு முன்பே நிகழ்பவை. அவர் அந்தப் பயணத்துக்குப் பெட்டி கட்டிய நாளில், அந்த எழுத்து அநேகமாக ஏற்கெனவே மாறிப்போயிருந்தது.