இறந்த மாட்டைப் பண்ணையிலேயே மட்க வைக்க என்னென்ன வேண்டும்?

இறந்த கால்நடையைப் பண்ணையிலேயே மட்க வைக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக இல்லை. அதனால் முதலில் உங்கள் கால்நடைத் துறையிடம் கேட்டுவிடுங்கள். அனுமதி உள்ள இடத்திலும் எல்லாச் சாவுக்கும் இது பொருந்தாது. அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகம் வந்தால் உடலை அறுக்கவோ நகர்த்தவோ கூடாது, உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். அந்தக் கிருமியின் வித்துகள் (ஸ்போர்கள்) மட்கும் குவியலின் சூட்டில் சாகாது. பென்டோபார்பிட்டால் ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்த மாடும் ஆபத்துதான். மருந்து உடலில் தங்கிவிடும், தோண்டித் தின்னும் நாய் செத்துப்போகும்.

சரி, பொருட்களுக்கு வருவோம். முக்கியமானது மரச்சீவல். மரத்தூள், வைக்கோல் கலந்தும் போடலாம். வளர்ந்த மாடு ஒன்றுக்குச் சுமார் 9 கன மீட்டர் பிடிக்கும். கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் உடலுக்கு அடியில் 60 செ.மீ., மேலேயும் சுற்றிலும் 60 செ.மீ. என்று போட்டால் அவ்வளவு ஆகத்தான் செய்யும். மாடு இறந்த பிறகு சீவலைத் தேடி அலையாதீர்கள். பல ஊர் விதிகள் 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் உடலை அப்புறப்படுத்தச் சொல்கின்றன. சீவல் முன்கூட்டியே குவிந்து கிடக்க வேண்டும். சீவலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன். உடலை மூடும் சீவல், அதாவது மூடாக்கு, மெலிந்த இடத்தில்தான் நாற்றம் கிளம்பும், ஈயும் நாயும் அங்கேதான் வரும்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கையுறை போட்ட கையே போதும். ஒரு பிடி சீவலை இறுக்கிப் பிழியுங்கள். கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் உலர்ந்த சீவல் சேருங்கள்; பொடிப்பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

மாட்டைத் தூக்க முன்பக்க லோடர் உள்ள டிராக்டர் வேண்டும். ஆடு, கோழிக்கு மண்வெட்டியும் முள்வாரியும் போதும். மாட்டின் வயிற்றைக் குத்திவிட நீளமான கத்தி ஒன்று வேண்டும், இல்லையென்றால் வாயு சேர்ந்து வயிறு வெடித்து மூடாக்கே கலைந்துவிடும். பூட்ஸ், முகக்கவசம், கிருமிநாசினி, நாய் நுழையாத வேலி இதெல்லாம் சொல்லாமலே தெரியும். இடம் மேடாக, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி இருக்க வேண்டும்.

பலர் வாங்காமல் விடுவது 90 செ.மீ. நீளத் தண்டு உள்ள வெப்பமானி. குவியலின் நடுவில் 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் தொடர்ந்து 3 நாள் நின்றால்தான் பெரும்பாலான நோய்க்கிருமிகள் சாகும். தேதியையும் சூட்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஆய்வுக்கு வருபவர் கேட்பதும் அதைத்தான்.

அப்புறம் ஆறு மாதம் போலக் கலைக்காமல் விடுங்கள். திறக்கும்போது பெரிய எலும்புகள் மிஞ்சியிருக்கும். அவற்றை அடுத்த குவியலின் அடியில் போட்டுவிடலாம். மட்கை மரங்களுக்கும் தீவனப் பயிருக்கும் போடுங்கள், மனிதர் நேராகத் தின்னும் பயிருக்கு வேண்டாம்.