டென்னிஸ் ஆடும் பையனுக்குக் கல்லூரி: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எந்தத் தாள் எடுபடும்?

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் சாயங்காலம் மகன் ஆடி முடிக்கும்வரை காத்திருக்கும் அப்பாமார் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, பிளஸ் டூ முடிச்சதும் டென்னிஸை வச்சு எந்தக் காலேஜ்ல சேக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். பையனுடைய ஃபைலில் என்ன தாள் இருக்கிறது?

என் அண்ணன் மகனோடு இந்த அலைச்சல் முழுவதையும் கூடவே இருந்து பார்த்தவன் நான். பன்னிரண்டு வயதிலிருந்து ஆடியவன். மதுரை, கோவை, சென்னை என்று ஊர் ஊராய்ப் போய் ஆடி வாங்கிய சான்றிதழ்கள் ஒரு தடித்த ஃபைல் நிறைய இருந்தன. சரிபார்ப்பு மேசையில் இருந்தவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டே இரண்டு தாளைத் தனியாக எடுத்து வைத்தார். மற்றதெல்லாம் நுழைவுக் கட்டணம் கட்டி, தன் பெயரில் தானே ஆடிய போட்டிகள். அவன் நன்றாக ஆடுகிறான் என்று அவை சொல்லும். மாநிலத்துக்காக ஆடினான் என்று சொல்லாது. இதை ஒன்பதாம் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் அவனுடைய நாலு வருட நாட்காட்டியே வேறு மாதிரி இருந்திருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

விளையாட்டு இட ஒதுக்கீட்டில் எண்ணப்படுவது கோப்பை இல்லை, படிவம். ஃபார்ம் ஒன்று, இந்தியாவுக்காக ஆடியவருக்கு. ஃபார்ம் இரண்டு, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்கு. தேசிய அல்லது மாநில விளையாட்டுச் சங்கத்தின் செயலர் கையெழுத்திட வேண்டும். ஃபார்ம் மூன்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு. ஃபார்ம் நான்கு, தேசியப் பள்ளி விளையாட்டில் மாநில அணியில் ஆடியவருக்கு. பள்ளிக் கல்வித் துறையில் விளையாட்டுக்குப் பொறுப்பான இயக்குநர் நிலை அதிகாரி கையெழுத்திட வேண்டும். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் இதே வரிசைதான். படிவத்தை எடுத்துப் படித்தால் 'இன்ன மாநிலத்தின் சார்பாக, இன்ன விளையாட்டில், இன்ன இடத்தில், இன்ன தேதியில் கலந்துகொண்டு, இன்ன இடம் பெற்றார்' என்று கோடுகள் இருக்கும். அனைத்திந்திய டென்னிஸ் சங்கத்தின் தரவரிசைப் போட்டி ஒன்றில் தனியாகப் பெயர் கொடுத்து அரையிறுதி வரை வந்த பையன், 'மாநிலத்தின் சார்பாக' என்ற அந்தக் கோட்டில் எதை நிரப்புவான்? சிக்கலே அங்கேதான்.

கபடிக்கும் ஹாக்கிக்கும் இந்தத் தொல்லை குறைவு. கோவில்பட்டிப் பக்கத்து ஹாக்கிப் பையன் பள்ளி அணியில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று தானாகவே படியேறி வருவான். டென்னிஸ் பையன்கள் அப்படி இல்லை. தனிப் பயிற்சி, தனிப் போட்டி, சனி ஞாயிறு ரயில் பயணம் என்று ஒரு தனி உலகம். பள்ளியின் பி.டி. வாத்தியாருக்கே அவன் டென்னிஸ் ஆடுவது தெரியாமல் இருக்கும். ஆனால் பள்ளி விளையாட்டில் டென்னிஸும் உண்டு. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் இருக்கின்றன. மாவட்டத்தில் ஜெயித்து, மாநிலத்தில் தேர்வாகி, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் போய்விட்டால் நான்காம் படிவம் கைக்கு வரும். அதற்கு முதல் வேலை, பள்ளி திறந்ததும் பி.டி. வாத்தியாரைப் பார்த்துப் பையன் பெயரைச் சேர்க்கச் சொல்வது. தரவரிசைப் புள்ளி கிடைக்காது என்பதற்காகப் பள்ளிப் போட்டியைத் தள்ளிவிடாதீர்கள். முதலமைச்சர் கோப்பையையும் அப்படித்தான் சொல்வேன்.

படிவத்தில் கையெழுத்தைப் போட்டி முடிந்த சூட்டோடு வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் அந்த நாற்காலியில் வேறு ஆள் இருப்பார், பழைய பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கும்.

சரி, இப்போது சீட்டுக்கு வருவோம். பி.இ. சேர்க்கைக்கான தமிழ்நாடு அரசின் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான் 500. விண்ணப்பிக்கும்போதே விளையாட்டுப் பிரிவு என்று குறிக்க வேண்டும். மறந்துவிட்டுப் பிறகு கேட்டால் பலன் இல்லை. மற்ற மாணவர்களுக்கு எல்லாம் ஆன்லைனிலேயே முடிந்துவிடும், விளையாட்டுப் பிரிவுக்கு மட்டும் மூலச் சான்றிதழ்களோடு சென்னைக்கு நேரில் போக வேண்டும். அழைப்பு வந்ததும் முதல் வேலையாக நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுங்கள். விளையாட்டு மதிப்பெண்ணை வைத்துத் தனித் தரவரிசை வரும். இந்தியாவுக்காக ஆடியதற்கு எடை அதிகம், கீழே வர வர குறையும். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் எடுபடும் என்பது அந்தந்த ஆண்டுத் தகவல் குறிப்பேட்டில் அச்சாகியிருக்கும், அந்தப் பக்கத்தை மட்டுமாவது வரிக்கு வரி படியுங்கள்.

படிப்பைக் கைவிட்டால் இது நடக்காது. கணிதம், இயற்பியல், வேதியியலில் பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும், பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர், பட்டியலினத்தவருக்கு 40 விழுக்காடும் குறைந்தபட்சத் தகுதி. விளையாட்டுக்காரனுக்கு அதில் தள்ளுபடி கிடையாது. சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடக்கும். விளையாட்டுப் பிரிவில் விண்ணப்பித்ததால் பொதுக் கலந்தாய்வு வாய்ப்பு போய்விடாது, அந்தப் பயம் வேண்டாம். எம்.பி.பி.எஸ். படிப்பில் மாநிலம் முழுவதற்கும் விளையாட்டுக்கு 7 இடம், பல் மருத்துவத்தில் 1. நீட்டும் எழுத வேண்டும். அதை நம்பி டென்னிஸ் ஆடச் சொல்ல எனக்கு மனம் வராது.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஆன்லைன் விண்ணப்பத்துக்குப் பிறகு, பொதுக் கலந்தாய்வுக்கு முன் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியிலேயே நடக்கும். விளையாட்டு, மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் பிள்ளைகள், என்.சி.சி. எல்லாம் அன்றைக்குத்தான். தூய சவேரியார், தூய யோவான், பேட்டை ம.தி.தா. இந்துக் கல்லூரி, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி போன்றவற்றுக்குக் கல்லூரியிலேயே நேராக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே முதலில் பார்க்க வேண்டியவர் உடற்கல்வி இயக்குநர். பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே போய்ப் பேசுங்கள்.

ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் கவனிக்காமல் விடுவது இதுதான்: நீங்கள் கல்லூரியை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை, பல்கலைக்கழக அணியையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஃபார்ம் மூன்று கல்லூரிக்காக ஆடினால் கிடைக்காது, பல்கலைக்கழகத்துக்காக ஆடினால்தான் கிடைக்கும். பட்டம் வாங்கிய பிறகு வேலைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய தாள் அதுதான். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது; ரயில்வே, அஞ்சல் துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள்.

டென்னிஸ் அணி என்பது நாலைந்து பேர்தான். நெல்லையில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாலும், கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாலும் அவன் அண்ணா பல்கலைக்கழக மாணவன். மண்டலம் மண்டலமாக ஆடி, மண்டலங்களுக்கு இடையே ஆடி, மாநிலம் முழுவதும் உள்ள நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிப் பையன்களோடு மோதித்தான் அந்த நாலைந்து பேரில் ஒருவனாக வர முடியும். அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள்தான். பாளையங்கோட்டையில் பி.காம். படித்துக்கொண்டே பல்கலைக்கழக அணியில் இடம் பிடிப்பது நடக்கக்கூடிய காரியம். சென்னையில் பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நல்ல வீரர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, விடுதியும் கொடுத்துக் கூப்பிடும். அங்கே அணி பலமானது. தேசிய அளவில் இறுதிச் சுற்று வரை போகலாம். மூன்று வருடமும் பெஞ்சில் உட்கார்ந்தும் வரலாம். பையனின் ஆட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பயிற்சியாளரிடம் ஒளிவுமறைவில்லாமல் கேட்டு முடிவு செய்ய வேண்டியது இது. என்னைக் கேட்டால், நடுத்தர ஆட்டக்காரனுக்கு ஊர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம்தான் நல்லது. ஆடினால்தானே ஆட்டம் வளரும்.

பல்கலைக்கழக அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும், அங்கே முன்னணியில் வந்தால் அகில இந்தியப் போட்டி. வயது 17-லிருந்து 25-க்குள். கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டும் 2020-ல் புவனேசுவரத்தில் தொடங்கியது, டென்னிஸும் அதில் உண்டு.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மாலை நாலரை மணிக்குப் போங்கள். டென்னிஸ் கோர்ட் இருக்கிறதா, வலை கட்டியிருக்கிறதா, தரை விரிசல் விட்டிருக்கிறதா, யாராவது ஆடுகிறார்களா என்று பாருங்கள். கோர்ட்டில் பைக் நிறுத்தியிருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்புறம் சீனியர் ஆட்டக்காரன் ஒருவனைத் தனியாகப் பிடித்து, "போன வருஷம் எத்தனை போட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க தம்பி, செலவு யாரு போட்டா, ஓ.டி. கொடுத்தாங்களா?" என்று கேளுங்கள். அவன் சொல்வதை நான் நம்புவேன்.

ஓ.டி., அதாவது போட்டிக்குப் போன நாளையும் வருகையாகக் கணக்கில் எடுக்கும் 'ஆன் டியூட்டி', அந்த விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அண்ணா பல்கலைக்கழக விதியில், போட்டிக்குப் போனதால் வருகை 65-க்கும் 75-க்கும் இடையே வந்த மாணவனைத் தேர்வெழுத அனுமதிக்க இடம் இருக்கிறது. முன் அனுமதியும் சான்றிதழும் தேவை. 65-க்குக் கீழே போனால் அந்த வழி அடைபட்டுவிடும். அதாவது, ஒவ்வொரு போட்டிக்கும் போவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்கி ஒரு பிரதியைப் பையனே வைத்திருக்க வேண்டும். "சார்ட்ட சொல்லிட்டேன்" என்பது செமஸ்டர் கடைசியில் செல்லாது.

பணம். பி.இ. கலந்தாய்வில் ஸ்போர்ட்ஸ் கோட்டா கொடுப்பது இடம் மட்டும். கட்டணத்தில் சலுகை இல்லை. சீட் கிடைத்த சந்தோஷத்தில் இதை மறந்து, ஜூலையில் வட்டிக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கட்டணச் சலுகைகள் தனி வழியில் வரும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் தாசில்தார் அலுவலகச் சான்றிதழோடு கல்விக் கட்டணச் சலுகை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அப்படிப் படித்த பையன்களுக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கிய திட்டம். ராக்கெட்டுக்கு கட் (நரம்பு) போடவும் பந்து வாங்கவும் அந்த ஆயிரம் எவ்வளவு தாங்கும் என்பது ஆடுகிற வீட்டுக்குத் தெரியும். இதுபோக விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஊக்கத்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றை விசாரிக்க மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்க்க வேண்டும், அலுவலகம் அண்ணா அரங்கத்திலேயேதான்.

அமெரிக்கா பற்றியும் கேட்கிறார்கள், ஏஜெண்டுகள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் போல. அங்கே கல்லூரி விளையாட்டு மூன்று பிரிவாக நடக்கிறது; அதில் மேல்மட்டமான முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு நெடுங்காலமாக நாலரை முழு உதவித்தொகைதான் அனுமதி. பெண்கள் அணிக்கு எட்டு. அந்த நாலரையை எட்டு, பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025-26 முதல் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய், அணியில் 10 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. மூன்றாம் பிரிவிலும், ஹார்வர்டு, யேல் இருக்கும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கு என்று உதவித்தொகையே கிடையாது. படிப்பையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத்தான். பயிற்சியாளர்கள் முதலில் கேட்பது ஆட்டத்தின் தரத்தைச் சொல்லும் யூ.டி.ஆர். எண்ணை, அடுத்தது ஒன்பதாம் வகுப்பிலிருந்து மார்க் பட்டியலை. "முழு ஸ்காலர்ஷிப் உறுதி" என்று ஒருவர் முன்பணம் கேட்டால் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன்தான் 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார், 1960-லும் 1961-லும் அங்கே அரையிறுதி ஆடினார். நம் தெற்குச் சீமைக்கு டென்னிஸ் புதிதில்லை. நம் பையன்களிடம் ஆட்டம் இருக்கிறது, தாள்தான் இல்லாமல் போகிறது.

இந்த ஜூனில் பையன் ஒன்பதுக்குப் போகிறான் என்றால் ஒரு புது ஃபைல் வாங்கி, தரவரிசைச் சான்றிதழ்களைப் பின்னால் தள்ளி, முதல் உறையைப் பள்ளி விளையாட்டுப் படிவத்துக்குக் காலியாக விட்டு வையுங்கள். திங்கட்கிழமை பி.டி. வாத்தியாரைப் பார்க்கப் போகும்போது பிறப்புச் சான்றிதழ் நகலும் பாஸ்போர்ட் அளவு போட்டோவும் கையோடு இருக்கட்டும்.