கடலோரத்தில் வீடு கட்ட: "சிஆர்இசட்ல வருது" என்று திருப்பி அனுப்பினால்

கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சிஆர்இசட். கடல்நீர் உச்சமாக ஏறும் ஓதக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை இதன் பிடியில் வரும். 2011, 2019 என மத்திய அரசின் இரண்டு அறிவிப்புகள் பேச்சில் அடிபடுகின்றன. பின்னணி இவ்வளவு போதும்.

தொண்டியானாலும் மூக்கையூரானாலும் மீனவக் குடும்பங்களுக்குக் கிடைப்பது ஒரே பதில்: "200 மீட்டருக்குள்ள எதுவும் கட்டக்கூடாது." இது பாதி உண்மைதான். அரசுத் திட்டத்துக்கு உட்பட்டு 100 முதல் 200 மீட்டருக்குள் பாரம்பரியக் கடலோர மக்கள் வீடு கட்டிக்கொள்ள 2011 அறிவிப்பே வழி விடுகிறது. அனுமதியோடு இருக்கும் பழைய வீட்டை, அதே அடித்தள அளவில் இடித்துக் கட்டவும் செய்யலாம். சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப் பகுதியில் 2019 அறிவிப்பின் தடை 50 மீட்டர்தான். ஆனால் அதன்படி தயாரித்த கடலோர மண்டல வரைபடத்துக்கு ஒப்புதல் வந்த பிறகுதான் அது செல்லும். அதனால் முதலில் கேட்க வேண்டியது: "என் சர்வே நம்பர் எந்த வரைபடத்தில், எந்த வகையில் வருகிறது?"

அலுவலகத்தில், ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மங்கிய வரைபடத் தாளில் ஸ்கேலை வைத்து "உள்ளே வருது" என்பார்கள். 1:25,000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனிலேயே உங்கள் வீடு போய்விடும்! சர்வே நம்பர் தெரியும் 1:4,000 வரைபடத்தைக் கேளுங்கள்.

பட்டா இருப்பதால் மட்டும் கட்ட அனுமதி ஆகிவிடாது. பழைய வீடு என்று காட்ட வீட்டுவரி ரசீது, கரண்ட் பில் எதுவானாலும் தேதி பழையதாக இருக்க வேண்டும், முதல் சிஆர்இசட் அறிவிப்பு வந்த 19.2.1991க்கு முந்தையது என்றால் நல்லது. வாசலைக் கடல் பக்கம் நாலடி தள்ளிப் போட்டால் அந்தச் சலுகையே கேள்விக்குள்ளாகும். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆற்றங்கரை என்ற ஊர் மாதிரி இடத்தில் கடலை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் முகத்துவாரக் கரைக்கும் இதே சட்டம்தான். மணல்மேடு என்று பதிவான இடமானால், அலைந்து பயனில்லை.

அப்புறம் அலைக்கழிப்பு. ஊராட்சியில் "கலெக்டர் ஆபீஸ் போங்க", அங்கே "சென்னைக்குப் போகணும்". 2019 அறிவிப்பு செல்லும் இடத்தில், 300 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்பை உள்ளாட்சியே விதிகளைப் பார்த்து முடிவு செய்யலாம். மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை, மனுவை எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு; 30 நாளில் பதில் தர வேண்டும்.

"கிளியரன்ஸ் வாங்கித் தர்றேன்" என்று முன்பணம் கேட்பவரிடம், யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டுப் பாருங்கள். உத்தரவு கைக்கு வரும்வரை வானம் தோண்ட ஆள் விடாதீர்கள்.